எட்டு புஷ்ஷும் அப்பாவின் இடது முட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதிட்டு இருந்தவன் இன்னிக்கு கார் பத்தி எழுதப் போறேன், பொறுத்துக்குங்க. வீட்டுல முட்டி வலியோட பெரியவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கும் விஷயம் இருக்கு.

எங்க வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸ். இந்த ஏரியா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசல்லதான் விழணும். அந்தத் தெருக்கள்ல இன்னும் ஓடிட்டிருக்கற ஒரே ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்க அப்பாவோடதுன்னு நினைக்கிறேன். 1969 மாடல். உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழிச்சு, யார்கிட்டயோ செகண்ட் ஹேண்டா வாங்கினது. நான் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தான். இதை அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சொல்லிடுவார்.

போன வருஷம் ஆடி மாசத்துல ஒரு சத்தம் ஆரம்பிச்சுது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்னாடி இடது பக்கம் "டொக்"னு ஒண்ணு. மெதுவா போனா ஒரு டொக். வேகமா போனா ரெண்டு டொக். அப்பா உடனே சொல்லிட்டார், "ஆர்ம் புஷ் போயிருச்சு. எல்லாத்தையும் மாத்திடலாம்."

நான் என்ன சொன்னேன்னு பின்னாடி சொல்றேன். பெருமையா சொல்லிக்கிற மாதிரி இல்லை அது.

முதல்ல வண்டியைப் பத்தி. சின்ன வயசுக்காரங்களுக்கு ஹெரால்டு தெரிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூணுதான் ஒரு காலத்துல நம்ம ஊர் ரோடு. அதுல மூணாவது நம்ம சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செஞ்சது. மூலம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. 1959-ல் அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்த வண்டி. உருவம் வரைஞ்சவர் மிக்கெலோட்டிங்கிற இத்தாலிக்காரர். 948 சிசி எஞ்சின். முன்பக்க பானட்டும் ரெண்டு மட்கார்டும் ஒரே துண்டா முன்னாடி கவிழும். திறந்துட்டு முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள்ள அப்பா அதைத் திருப்பறதைப் பார்த்து ஆட்டோக்காரங்க வாய்பிளந்து நின்னதை நானே பார்த்திருக்கேன்.

"ஸ்போர்ட்ஸ் கார்டா இது"ம்பார் அப்பா. நாலு கதவு வெச்ச குடும்ப வண்டி எப்படிப்பா ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்னு கேலி பண்ணுவேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா மனுஷன் சொன்னதுல பாதி உண்மை. 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டோட சேசிஸைக் குட்டையாக்கி அதுமேல கட்டினதுதான். முன் சஸ்பென்ஷன் ரெண்டுக்கும் ஒண்ணுதான். லோட்டஸ் கம்பெனி கூட தன்னோட சில கார்களுக்கு முன் சக்கரத்தைப் பிடிக்கிற பாகத்தை ட்ரையம்ஃப்கிட்ட இருந்துதான் எடுத்துக்கிச்சு. அதனாலதான் ஹெரால்டு நின்னு அரை நூற்றாண்டு ஆகியும் அதுக்கு முன்பக்க பாகங்கள் இன்னிக்கும் இங்கிலாந்துல புதுசா கிடைக்குது. ஸ்பிட்ஃபயர் வெச்சிருக்கறவங்க புண்ணியம்.

சரி, புஷ்ஷுன்னா என்ன?

முட்டியில் ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னு சொல்வோமே, ரெண்டு எலும்புக்கு நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கிற அந்தக் குஷன். காருக்கு அந்த வேலையைச் செய்யறது புஷ். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்ன குழாய், ரெண்டுக்கும் நடுவில் ரப்பர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் அசையும். அப்போ ரப்பர் எதுமேலயும் வழுக்காது, தனக்குள்ளேயே முறுக்கிக்கும், திரும்ப அவிழும். பார்க்கச் சாதாரணமா இருக்கும், ஆனா மொத்த சூட்சுமமும் இதுலதான் இருக்கு. வழுக்காததால அதுக்கு எண்ணெயும் தேவையில்லை, கிரீஸும் தேவையில்லை.

நம்ம ஊர்ல என்ன பண்றோம்? வாட்டர் வாஷுக்கு விட்டா, கழுவி முடிச்சதும் "அடியில ஆயில் ஸ்ப்ரே பண்ணிடவா சார்"னு கேப்பாங்க. டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து அடிப்பாங்க. துருப்பிடிக்காதாம். இரும்புக்கு நல்லதுதான். ரப்பருக்கு விஷம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடிச்சு ஊதிப்போய், மெத்துன்னு ஆகி, கடைசியில் கையோட பிஞ்சு வரும். எங்க வண்டிக்கு இருபது வருஷமா தீபாவளிக்குத் தீபாவளி இந்த அபிஷேகம் நடந்திருக்கு. சுகர் பேஷண்டுக்குப் பாசமா லட்டு ஊட்டின மாதிரி.

இப்போ பரிசோதனை. பள்ளப்பட்டி பக்கம் ஒரு மேஸ்திரி இருக்கார். எழுபதை நெருங்கற வயசு. ஹெரால்டைத் தொட்டுப் பார்த்த கை இந்த ஊர்ல இனி அவரோடது மட்டும்தான்னு நினைக்கிறேன். பானட்டைக் கவிழ்த்தார், ஜாக்கி போட்டார், டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார், அப்புறம் பக்கவாட்டில் ஆட்டினார். லீவர் ராடை ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவில் விட்டு நெம்பினார். பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசலை. நல்ல கிளினீஷியன்கிட்ட நான் பார்த்திருக்கற அதே பழக்கம்.

நான் குனிஞ்சு மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முன்னாடி ஒரு பக்கத்துக்கு மேல் ஆர்ம்ல ரெண்டு, கீழ் ஆர்ம்ல ரெண்டு, ஆக மொத்தம் எட்டு புஷ். எட்டுலயும் வெடிப்பு. எனக்குப் பார்த்தவுடனே "எல்லாமே போச்சு"ன்னு தோணிடுச்சு.

மேஸ்திரி ஒத்துக்கலை. "டாக்டரு தம்பி, வெடிப்பு எல்லா கிழட்டு ரப்பர்லயும் இருக்குமுங்க. நெம்பும்போது நடுவுல இருக்கற குழாய் இடம் மாறுதான்னு பாருங்க."

மேல் நாலும் அசையலை. கீழ் நாலும் ஆடிச்சு. ஒண்ணுல நடுக்குழாய் ஓரமா போய் இரும்போட இரும்பு உரசற நிலைமை. காரணமும் இருக்கு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வந்து உட்கார்றது கீழ் ஆர்ம் மேலதான். வண்டியோட எடை வர்ற வழி அது.

எனக்கு உள்ளுக்குள்ள வெட்கமா போச்சு. தினமும் ஓ.பி.யில் நான் சொல்ற விஷயம்தானே இது! முட்டி எக்ஸ்ரேயைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க, "தேய்மானம்னு எழுதியிருக்கு டாக்டர், ஆபரேஷனா?" எக்ஸ்ரேயில் படு மோசமா தேஞ்சிருக்கும், ஆனா ஆள் காட்டு வேலை செஞ்சிட்டு இருப்பார். இன்னொருத்தருக்குப் படத்துல பெருசா ஒண்ணும் இருக்காது, ராத்திரி வலியில் தூங்க மாட்டார். ஆபரேஷனை முடிவு பண்றது படம் இல்லை. எவ்வளவு தூரம் நடக்க முடியுது, மாடிப்படி ஏற முடியுதா, கழிவறையில் உட்கார்ந்து எழ முடியுதா, மருந்தும் உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் பலன் தந்துச்சா, இதையெல்லாம் கேட்டுத்தான் முடிவு. நான் வெறும் எம்பிபிஎஸ்தான், மூட்டு மாத்தறவன் இல்லை. ஆனா யாரை ஆர்த்தோவுக்கு அனுப்பணும், யாரை அனுப்ப வேண்டாம்னு பிரிச்சு விடற இடத்துல உட்கார்ந்திருக்கறது நான்.

இதுக்கப்புறம் மேஸ்திரி இடது சக்கரத்துக்குக் கீழ ஒரு இடத்தைத் துணியால் துடைச்சார். ஆரஞ்சு நிறத்துல துருத் தண்ணி வந்துச்சு. அவர் முகம் மாறிடுச்சு.

அதுக்குப் பேர் ட்ரனியன். வெண்கலத்துல ஒரு கட்டை. அதுக்குள்ள மரை போட்ட ஒரு இரும்புத் தண்டு இறங்கி இருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே சுத்தும். முன் சக்கரத்தோட அடிப்பக்கத்தைக் கீழ் ஆர்மோட சேர்த்துப் பிடிச்சிருக்கறது இது ஒண்ணுதான். இதுக்கு வேண்டியது கிரீஸ் இல்லை, ஆயில். கியர் பாக்ஸுக்கு ஊத்தற கெட்டி ஆயில், ஈ.பி. 90. ஆனா நிப்பிளைப் பார்த்தா நம்ம பட்டறைகள்ல எல்லாரும் கிரீஸ் கன்னைத்தான் வைப்பாங்க. கிரீஸ் காலப்போக்குல காய்ஞ்சு கட்டியாகிடும், மரைக்குள்ள போகாது, தண்ணி கோர்த்துக்கும், தண்டு துருவேறும். அப்புறம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம உடையும். உடைஞ்சா முன் சக்கரம் அப்படியே மடிஞ்சு விழுந்துடும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வெச்சிருக்கற உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச பயம் இது.

"சத்தம் போடறது புஷ்ஷா இருக்கலாமுங்க தம்பி. ஆளைச் சாய்க்கறது இதுதான்"னார் மேஸ்திரி.

ரப்பருக்கு எண்ணெய் ஊத்தியிருக்கோம், எண்ணெய் கேட்டதுக்குக் கிரீஸ் அடிச்சிருக்கோம். மருந்துச் சீட்டு மாறிப்போன கேஸ்.

இங்கே நான் மேல சொல்லாம விட்ட விஷயத்துக்கு வரேன். புஷ் எல்லாத்தையும் மாத்திடலாம்னு அப்பா சொன்னப்போ, அன்னிக்கு நைட் டூட்டி முடிச்சு வந்த களைப்புல நான் சொன்னது இது: "அம்பத்தஞ்சு வருஷ வண்டிப்பா. நீங்க ஓட்டறது ஐந்து ரோடு வரைக்கும். இனிமே இதுக்குப் போய் எதுக்குச் செலவு? ஓடற வரைக்கும் ஓடட்டும்."

அப்பா பதில் சொல்லலை. பேப்பரை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டார். உட்காரும்போது இடது முட்டியைக் கையால பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். அவருக்கு 73 வயசு. ரெண்டு வருஷமா அந்த முட்டி. ஹெரால்டோட கிளட்ச் இடது கால். ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டலாம்னு நான் ஒரு தடவை சொன்னேன், "பாத்துக்கலாம்"னார், நானும் விட்டுட்டேன்.

அது நடந்து ரெண்டு மூணு நாள் இருக்கும். ஓமலூர் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா, மகனோட வந்தாங்க. ரெண்டு முட்டியும் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. நான் ஆர்த்தோவுக்கு எழுத ஆரம்பிச்சேன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அரசு மருத்துவமனையிலேயே மூட்டு மாற்று பண்ணிக்கலாம்னு விளக்கிட்டு இருந்தேன். மகன் நடுவுல குறுக்கிட்டு, நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சொன்னார்: "வயசாச்சு சார். வீட்டுலதான் இருக்காங்க. இனிமே எதுக்கு சார்? மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க."

அந்த அம்மா தரையைப் பார்த்துட்டு இருந்தாங்க.

இந்த வசனத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள கோபப்பட்டிருக்கேன். அன்னிக்குக் கோபம் வரலை. பேனா நின்னுடுச்சு. அப்புறம் அந்த அம்மாகிட்டயே நேரா கேட்டேன், "நீங்க சொல்லுங்கம்மா. முட்டி சரியாச்சுன்னா எங்க போகணும்?" அவங்க யோசிக்கவே இல்லை. "மாரியாத்தா கோயிலுக்குங்க சார். நடந்து." சீட்டை எழுதிக் கொடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன், "வண்டி சரியாச்சுன்னா எங்கப்பா போகணும்?"

"ஏற்காடு"ன்னார். "உங்கம்மாவைக் கூட்டிட்டு அதுலதான் முதல்ல போனேன். ஒரு தடவை நானே ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா போதும்."

ஏற்காடுன்னா 20 கொண்டை ஊசி வளைவு. கேள்வியே மாறிடுச்சு. ஐந்து ரோடு வரைக்கும் போற வண்டிக்கு ஒரு வைத்தியம், மலை ஏறி இறங்கற வண்டிக்கு வேற வைத்தியம். அதுலயும் ஹெரால்டுக்குப் பின்பக்கம் ஒரு பிறவிக் குணம் இருக்கு, ஸ்விங் ஆக்சில். பின் சக்கரங்கள் ரெண்டும் நடுவில் இருந்து இறக்கை மாதிரி தனித்தனியா ஆடும், மேல குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. வளைவுல வேகமா போய் நடுவுல பிரேக் அடிச்சா, பின்பாகம் மேல எழும்பி, வெளிச் சக்கரம் உள்பக்கமா மடங்கி, பிடிமானம் போயிடும். அமெரிக்காவுல ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதின புத்தகத்துல கோர்வேர் காரைக் கிழிச்சது இந்த மாதிரி அமைப்புக்காகத்தான். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் இது பெரிய தலைவலி. ஸ்டாண்டர்டு கம்பெனி 1970களில் ஹெரால்டை மாத்தி கஸெல்னு விட்டப்போ, ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு சாதா ஆக்சில் போட்டதுக்கு அதுதான் காரணம்.

அந்தப் பின் சக்கரம் முன்ன பின்ன நகராம பிடிச்சிருக்கறது ரேடியஸ் ஆர்ம். அதுலயும் பக்கத்துக்கு ரெண்டு புஷ். அது தேஞ்சா வளைவுல பின்பக்கம் தானே ஸ்டியரிங் பண்ண ஆரம்பிக்கும். அப்பா முன்னாடி வர்ற சத்தத்தை மட்டும் சொன்னார். பின்னாடி சத்தமே இல்லை, ஆனா நெம்பிப் பார்த்தா நாலும் காலி.

இப்போ எந்த புஷ் போடறது? மூணு வழி இருந்துச்சு.

ஒண்ணு, நாமக்கல். லாரி பாடி கட்டற ஊர், ரப்பர் புஷ் அச்சு ஊத்தறவங்களும் இருக்காங்க. நேர்ல போனேன். சாம்பிளைப் பார்த்துட்டு, "கெட்டியா வேணுமா, ரொம்ப கெட்டியா வேணுமா?"ன்னு கேட்டாங்க. இருபது டன் தூக்கற வண்டிக்குச் செஞ்சு பழகின கை. எங்க வண்டி ஒரு டன் கூட இல்லை. நன்றி சொல்லிட்டு, ஆஞ்சநேயரைக் கும்பிட்டுட்டு திரும்பிட்டேன்.

ரெண்டாவது, பாலியூரித்தேன். கலர் கலரா வரும். எண்ணெய் பட்டாலும் ஊறாது, ரொம்ப நாள் உழைக்கும். இணையத்துல எல்லாரும் இதைத்தான் போடச் சொல்றாங்க, எனக்கும் ஆசைதான். ஆனா ரப்பர் மாதிரி முறுக்கிக்காது, உள்குழாய் மேல வழுக்கும். சிலிக்கான் கிரீஸ் வைக்கலைன்னா கீச்சு கீச்சுன்னு கத்தும். முக்கியமா, கெட்டி. புஷ் வாங்க வேண்டிய அடியை அம்பத்தஞ்சு வருஷ சேசிஸ் பிராக்கெட் வாங்கும். ஆஸ்டியோபோரோசிஸ் எலும்புல கனமான பிளேட் வெச்சு ஸ்க்ரூ போட்டா என்ன ஆகும்? பிளேட் நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல எலும்பு உடையும்.

மூணாவது, பழையபடி ரப்பர், ஒரிஜினல் அளவுல. அதுக்கு என் பேட்ச்மேட் ஒருத்தி உதவினா. அவ இப்போ இங்கிலாந்துல, கோவென்ட்ரிக்குப் பக்கத்துல வேலை பார்க்கறா. பொங்கலுக்கு வரும்போது சூட்கேஸ்ல புஷ், ரெண்டு ட்ரனியன், ரெண்டு மரைத்தண்டு எல்லாம் கொண்டு வந்தா. ஏர்போர்ட் ஸ்கேனர்ல நிறுத்தி இது என்னன்னு கேட்டாங்களாம். "மூட்டு"ன்னு சொன்னாளாம்.

முடிவா மாத்தினது: ரெண்டு ட்ரனியனும் தண்டும், கீழ் ஆர்ம் புஷ் நாலு, ரேடியஸ் ஆர்ம் புஷ் நாலு. மேல் ஆர்ம்ல கை வைக்கலை. "பிரிச்சதுதான் பிரிச்சோம், அதையும் மாத்திடலாமே"ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான், வயித்தைத் திறந்த சர்ஜன்களும் கேக்கறதுதான். ஆனா அந்த போல்ட்டு நாலும் துருவில் இறுகிக் கிடந்துச்சு. நல்லா வேலை செய்யற பாகத்துக்காக போல்ட்டை அறுத்து, பிராக்கெட்டைச் சூடு காட்டி, புதுசா ஒரு பிரச்சினையை உண்டாக்க மேஸ்திரிக்கும் மனசு இல்லை, எனக்கும் இல்லை.

பட்டறையில் ஒரே ஒரு சண்டைதான் வந்துச்சு. புது புஷ்ஷை சோப்புத் தண்ணி தொட்டு வைஸ்ல அழுத்தி ஏத்தினார், அழகா உட்கார்ந்துச்சு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கப் போனார். வேண்டாம்னேன். சக்கரம் தொங்கற நிலையில் இறுக்கினா ரப்பர் அந்த நிலையைத்தான் தன்னோட ஓய்வு நிலையா எடுத்துக்கும். கீழ இறக்கினதும் எப்பவுமே முறுக்கினபடியே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். சக்கரம் தரையில் நிக்கணும், எடை வரணும், அப்புறம்தான் கடைசி இறுக்கு. மேஸ்திரிக்குக் கோபம். "நாப்பது வருஷமா இப்படித்தான் பண்றேனுங்க." அப்பா ஒண்ணும் பேசாம போய் டிரைவர் சீட்டுல உட்கார்ந்தார், பட்டறைப் பையன் பக்கத்து சீட்டுல. எடை வந்தது. மேஸ்திரி முறைச்சுக்கிட்டே இறுக்கினார். ட்ரனியனுக்கு ஆயில் நான் என் கையாலேயே ஊத்தினேன். நிப்பிள் பக்கத்துல வெள்ளை பெயிண்ட்ல "கிரீஸ் கூடாது"ன்னு எழுதியும் வெச்சிருக்கேன், பென்சிலின் அலர்ஜியைக் கேஸ் ஷீட்ல சிவப்பு மையில் எழுதற மாதிரி.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில் அஞ்சரைக்குக் கிளம்பினோம். அப்பா ஓட்டறார், பக்கத்துல அம்மா, பின்னாடி நான். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். ஸ்டியரிங் நேரா நின்னுச்சு, பிரேக்குக்கு ஒரு பக்கம் இழுக்கலை. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடணும், நடுவுல பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு நான் பாடம் எடுக்க ஆரம்பிச்சேன். "நீ பிறக்கறதுக்கு முன்னாடி இருந்து எனக்குத் தெரியும்டா"ன்னார்.

ஒம்பதாவது வளைவு தாண்டி ஓரம் கட்டினார். எஞ்சின் சூடு ஏறிடுச்சோன்னு நினைச்சேன். இல்லை. இடது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சாவியை என்கிட்ட கொடுத்தார்.

"மீதியை நீ ஓட்டு. இறங்கும்போது நான்." அப்புறம் கண்ணாடி வழியா வெளியே பார்த்துக்கிட்டே, "உங்க ஆஸ்பத்திரியில ஆர்த்தோ ஓ.பி. என்னிக்கு?"ன்னார்.

போன வியாழக்கிழமை கூட்டிட்டுப் போனேன். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, அஞ்சு கிலோ குறைக்கணும், ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. பயிற்சி ஒழுங்கா பண்றார். அஞ்சு கிலோவைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேங்கறார்.

சொல்ல மறந்துட்டேன். அந்த "டொக்" சத்தம் இன்னும் இருக்கு. பானட்டோட இடது பக்கக் கொக்கி லூஸாம். வாஷர் ஒண்ணு வெச்சா போயிடுமாம். அடுத்த ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வீட்டுக்கே வரேன்னு சொல்லியிருக்கார்.